ஆத்தாவுக்குப் பொருத்தமான செடி

சின்ன வயதில் அம்மை போட்டுப் படுத்தவர்கள் எல்லாம் கை தூக்குங்கள் என்றால் நம்மில் பாதிப் பேர் தூக்குவோம். மீதிப் பேருக்கும் வந்திருக்கும். தோள்வலியில் கை எழும்பாது, அவ்வளவுதான். அதனால் நான் சொல்லப்போவதில் பாதி உங்களுக்கே தெரிந்தது. வேப்பிலைப் படுக்கை, தாளிக்காத குழம்பு, அரித்தாலும் சொறியக் கூடாது என்ற அதட்டல். ஆனால் உங்களையெல்லாம் கொஞ்ச நாளில் தலைக்குத் தண்ணீர் ஊற்றி வெளியே விட்டிருப்பார்கள். என்னை விடவில்லை. ஆடிக் கடைசியில் உள்ளே போனவள், ஆவணி முழுக்க அந்த அறையிலேயே கிடந்தேன்.

பிரிக்பீல்ட்ஸ் ரயில்வே குவார்ட்டர்ஸில் எங்கள் வீடு தண்டவாளத்தை ஒட்டிய வரிசையில் இருந்தது. அப்பாவுக்கு ரயில்பெட்டிகளைக் கோத்துவிடும் வேலை. வீட்டுக்குப் பின்னால் கம்பிவேலி, அதற்கப்பால் தண்டவாளம். இரண்டுக்கும் நடுவே ஆளுயரத்துக்கு மேல் வளர்ந்து நின்ற புதர்தான் எங்கள் ராஜ்யம். விரித்த கை மாதிரிப் பிளந்த இலை, சூரியகாந்தியைச் சின்னதாக்கினாற்போல மஞ்சள் பூ. ரயில்வே ஆட்கள் அடியோடு வெட்டிவிட்டுப் போவார்கள். நாலு மழை பெய்ததும் பழையபடி நிற்கும். அதன் பெயர் யாருக்கும் தெரியாது. மஞ்சப்பூச் செடி என்போம். இப்போது கைப்பேசியில் படம் பிடித்துக் காட்டினால் மெக்சிக்கோ சூரியகாந்தி என்கிறது; சாமந்தியெல்லாம் அதற்குச் சொந்தமாம். எங்களுக்குத் தெரிந்தது அதன் இலை கசக்கும் என்பது மட்டும். பந்தயம் கட்டி மென்றுவிட்டு, தங்கள் வீட்டுச் சோறே கசக்கிறது என்று அழுத பிள்ளைகள் உண்டு.

குனிந்து நுழைந்தால் புதருக்குள் ஓர் அறை அளவு இடம் இருக்கும். அங்கே நாங்கள் ஒரு பிஸ்கட் டின்னில் உடைந்த வளையல், சோடா மூடி, யாரோ தொலைத்த தோடு ஒன்று எல்லாம் சேர்த்து வைத்திருந்தோம். அந்த ஆடி மாதம் முழுக்க விளையாடியது கல்யாண விளையாட்டு. மஞ்சள் பூவை நாரில் கோத்துக் கழுத்துக்கு மாலை, தண்டை வளைத்துக் கைக்கு வளையல். மணப்பெண் எப்போதும் நான்தான். எங்கள் வீட்டில் நிஜமாகவே கல்யாணம் நடக்க இருந்ததால் அந்த உரிமையை யாரும் கேள்வி கேட்கவில்லை.

நிஜக் கல்யாணம் அக்காவுக்கு. மாப்பிள்ளை, அம்மாவின் கடைசித் தம்பி, எங்கள் மாமா. ஜெஞ்சாரோமில், எண்ணெய் எடுக்கும் செம்பனைக் குலை ஏற்றும் லோரி ஓட்டிக்கொண்டிருந்தார். அக்கா அப்போது ஐந்தாம் படிவம், பள்ளிக்கூடத்தின் கடைசி வகுப்பு. வருடக் கடைசியில் பெரிய பரீட்சை. கல்யாணப் பெண் வெயிலில் அலையக் கூடாது என்று அம்மா அவளை ஆடி பிறந்ததுமே பள்ளிக்கூடத்திலிருந்து நிறுத்திவிட்டாள்.

"பரிட்சை மட்டும் எழுதிட்டுப் போறேனேப்பா" என்று அக்கா ஒருநாள் கேட்டது நன்றாக நினைவிருக்கிறது. அப்பா சாப்பிட்டுக்கொண்டிருந்தார். அவர் நிமிர்ந்து அம்மாவைப் பார்த்தார்.

"ஆவணியில நாள் குறிச்சாச்சு. அத விட்டா புரட்டாசி. புரட்டாசியில எவனாச்சும் கல்யாணம் வைப்பானா?" என்றாள் அம்மா. "கல்யாணத்துக்கப்புறம் பரிட்சை எழுதி இவ என்ன, செம்பனை மரத்துக்கு இங்கிலீஷ் சொல்லிக் குடுக்கப் போறாளா?"

அப்பா மறுபடி சோற்றைப் பார்க்கத் தொடங்கினார். மாமா கெட்டவராக இருந்திருந்தால் அக்காவுக்குச் சண்டை போட வசதியாக இருந்திருக்கும். மாமா நல்லவர். வரும்போதெல்லாம் கை நிறையப் பலகாரம், பாக்கெட் நிறைய மிட்டாய். நல்லவரை வேண்டாம் என்று சொல்ல அந்தக் காலத்தில் எங்கள் வீட்டில் வார்த்தையே கிடையாது.

இந்தச் சமயத்தில்தான் எனக்குக் கழுத்திலும் கையிலும் சிவந்து தடித்தது. வெயிலில் ஆடிய களைப்போ என்னவோ, லேசாகக் காய்ச்சலும் இருந்தது. அம்மா என் சட்டைக் கழுத்தை விலக்கிப் பார்த்தாள். திட்ட வாயெடுத்தவள் அப்படியே கைகூப்பினாள்.

"ஆத்தா வந்திருக்கா" என்றாள்.

பின்பக்கத்து அறையைக் கழுவி, பாய் போட்டு, வெள்ளை வேட்டி விரித்து என்னைப் படுக்க வைத்தார்கள். வாசலில் வேப்பிலை ஏறியது. அடுப்பில் கடுகு வெடிப்பது நின்றது. வேலைக்குக் கிளம்பும் அப்பாகூட 'போயிட்டு வரேன்' என்று சொல்வதில்லை. சொன்னால் இறங்கிப் போகிற அம்மையும் திரும்பி வந்துவிடுமாம். 'போறேன்' என்று மட்டும் முணுமுணுத்துவிட்டுப் படியிறங்குவார். மற்ற நாளில் அப்படிச் சொன்னால் அம்மா வாயில் போடுவாள்.

முதலில் எனக்குக் கொண்டாட்டம். அம்மா என்னைத் 'தாயே' என்று கூப்பிட்டாள். "தாயே, எளநீ குடிக்கிறியா? தாயே, கஞ்சி வேணுமா?" அதுவரை எருமை, சனியன் என்பதைத் தவிர வேறு பெயர் கேட்டிராத எனக்கு இதில் தலைகால் புரியவில்லை. வேண்டாம் என்று தலையைத் திருப்பினால் கன்னத்தில் போட்டுக்கொண்டு போவாள். ஆனால் சீக்கிரமே ஒன்று புரிந்துவிட்டது. அறைக்குள் வருகிறவர்கள் எல்லாம் ஆத்தாவிடம்தான் பேசினார்கள். என்னிடம் பேசியது அக்கா மட்டும்தான்.

ஆரம்பத்தில் கோயில் வேப்பிலைதான் வந்தது. தடிப்பும் அமுங்கத் தொடங்கியது. தண்ணீர் ஊற்ற நாள் பார்த்தபோது இலை தீர்ந்துபோனது. தண்டவாளத்துக்கு அந்தப் பக்கம் இருந்த மாரியம்மன் கோயிலில் இருந்தது ஒரே வேப்பமரம். ஆடித் திருவிழாவுக்கு ஊரே ஒடித்து அது மொட்டையாக நின்றது. என்ன செய்வது என்று அம்மா பூசாரியிடம் கேட்டாள். அவரும் நல்ல எண்ணத்தில், மரம் தளிர்க்கிற வரைக்கும் கசப்பிலை எதுவானாலும் ஆத்தா ஏற்றுக்கொள்வாள் என்று சொல்லிவிட்டார்.

அம்மா வீட்டுக்கு வந்து பின்பக்கம் பார்த்தாள். கண் முன்னால் மஞ்சப்பூச் செடி.

"கசப்பு எலை, மஞ்சப் பூ. ஆத்தாவுக்கு இதைவிடப் பொருத்தமான செடி எங்க கெடைக்கும்?" என்றாள். தினமும் வெட்டிக்கொண்டு வரும் வேலை அக்காவுக்கு.

அதன்பிறகு என் படுக்கை அந்த இலை. என் குளியல் அந்த இலை ஊறிய மஞ்சள் தண்ணீர். அரித்தால் தடவிவிடுவது அந்தக் கொத்து. தலைமாட்டில் பூ. முதல் தண்ணீர் ஊற்றிய மறுநாளே, அதுவரை ஒன்றுமில்லாத முதுகிலும் தொடையிலும் சிவந்துகொண்டு வந்தது. அம்மா நடுங்கிப்போனாள். ஆத்தா கோபமாக இருக்கிறாள் என்று இலையை இரண்டு மடங்காக்கினாள்.

அந்த அறையின் ஜன்னலுக்குப் பலகைத் தடுப்பு. இடுக்கு வழியாகப் பார்த்தால் வேலியும் புதரும் தெரியும். என் தோழிகள் குனிந்து உள்ளே நுழைவதைப் பார்ப்பேன். மணப்பெண்ணாக இப்போது யார் இருக்கிறாள் என்று யோசித்து அழுவேன். சத்தம் போட்டுக் கூப்பிடவும் முடியாது. ரொட்டிக்காரரின் ஹார்ன் வரும், பெட்டிகள் மோதிக் கோக்கும் சத்தம் வரும், எண்ணெய் ஊறிய தண்டவாளக் கட்டைகள் வெயிலில் காயும் வாடை வரும். பள்ளிக்கூடம் விட்ட பிள்ளைகள் போவார்கள். எல்லாம் என்னைத் தாண்டிப் போயின. பகலில் அந்த மஞ்சள் அவ்வளவு பளிச்சென்று இருக்கும். எனக்கு அதைக் கண்டாலே எரிச்சலாக வரும்.

"இந்த எலை அரிக்குதுக்கா" என்று நான் சொன்னேன். பலமுறை சொன்னேன்.

"அம்மை எறங்குறப்ப அரிக்கத்தாண்டி செய்யும்" என்பாள் அக்கா. சொல்லும்போது பாயைச் சரிசெய்கிற மாதிரிக் குனிந்துகொள்வாள்.

இலை வெட்டப் போகும்போது அவள் அப்பாவின் காக்கிச் சட்டையைப் போட்டுக்கொள்வாள். முழுக்கை, கழுத்துவரை பொத்தான், கையில் பழைய காலுறை. வெயில் சுடுகிறது என்று சொல்வாள். கல்யாணப் பெண் கறுத்துப்போகக் கூடாது என்று அம்மாவுக்கும் அது சரியாகவே பட்டது.

இலைக்கூடையின் அடியில் அவள் புத்தகம் இருக்கும். அம்மை அறைக்குள் தீட்டுப் படக் கூடாது என்று யாரும் அனாவசியமாக வரமாட்டார்கள். அதனால் வீட்டிலேயே அக்காவுக்குப் படிக்கக் கிடைத்த ஒரே இடம் என் தலைமாடுதான். சுவரில் சாய்ந்துகொண்டு சரித்திரப் பாடத்தை மெல்லிய குரலில் வாசிப்பாள். எந்த ராஜா யாரோடு உடன்படிக்கை செய்தான் என்பதெல்லாம் எனக்குப் பாட்டு மாதிரி மனப்பாடமாகிவிட்டது. அவள் குரலைக் கேட்டுக்கொண்டே தூங்கிப்போவேன். அந்த அறையில் எனக்கு ஏதாவது சந்தோஷம் இருந்தது என்றால் அது மட்டும்தான்.

பக்கத்து வீட்டு ஆன்டி ஆஸ்பத்திரியில் ஆயா வேலை பார்த்தவர், மாதா கோயிலுக்குப் போகிறவர். ஒருநாள் வேலிப் பக்கமாக நின்று அம்மாவிடம் சொன்னார்: "அம்மைன்னா வரும், காயும், போயிடும்லா. இது என்ன வந்து வந்து போகுது? சொறியா இருக்கப் போகுது. இந்த மருந்தப் போட்டுப் பாரு." ரோஸ் நிறத்தில் ஒரு புட்டி. அம்மா சிரித்த முகத்தோடு வாங்கிக்கொண்டாள். "அவங்க சாமி வேற" என்று சொல்லி அதைக் குப்பைத்தொட்டிக்குப் பின்னால் வைத்துவிட்டாள். ஆன்டி சொன்னதும் தப்புதான். ஆனாலும் அந்த மருந்து எனக்கு இரண்டு நாள் நிம்மதி கொடுத்திருக்கும்.

மாமாவும் வந்தார். உள்ளே வரக் கூடாதே. ஜன்னலுக்கு வெளியே வேலியைப் பிடித்துக்கொண்டு நின்றார். "போரடிக்குதா?" என்று கேட்டு, பலகை இடுக்கு வழியாக ஒரு சின்னச் சிவப்பு டிரான்சிஸ்டரை நுழைத்தார். நான் அதுவரை தொட்டதிலேயே விலை உயர்ந்த பொருள் அதுதான். போகும்போது, "அக்காட்ட கேட்டதாச் சொல்லு" என்றார். அக்கா அறைக்குள்தான் இருந்தாள். சுவரோடு ஒட்டி, புத்தகத்தை நெஞ்சில் அழுத்திக்கொண்டு, மூச்சு விடாமல் நின்றாள். எனக்கு அவளைப் பார்த்தாலும் பாவமாக இருந்தது, மாமாவின் முதுகைப் பார்த்தாலும் பாவமாக இருந்தது.

குறித்த கல்யாண நாள் அப்படியே போனது. அம்மை இருக்கும் வீட்டில் பந்தல் போட முடியுமா? ஆவணிக் கடைசியில் இன்னொரு முகூர்த்தம் பார்த்தார்கள். அது நெருங்க நெருங்க அம்மா என் கழுத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். கழுத்து அடங்கவில்லை. அந்த நாளும் போயிற்று.

அதற்கடுத்து வந்த வெள்ளிக்கிழமை, விடிவதற்கு முன்பே அம்மா ஈரப் புடவையோடு கோயிலுக்குப் போய், இருட்டில் பூட்டிய வாசலிலேயே கும்பிட்டுவிட்டு வந்தாள். மறுநாள் அக்கா கூடை நிறைய வேப்பிலையோடு வந்தாள். "மரம் தளிர்த்திருச்சும்மா" என்றாள். எல்லாம் வேப்பிலைக்கு மாறியது. புரட்டாசி பிறக்கும்போது என் உடம்பு அடங்கிவிட்டது.

கடைசித் தண்ணீர் ஊற்றும்போது அக்காதான் செம்பில் மொண்டு கொடுத்தாள். அம்மா என் தலையில் ஊற்றிக்கொண்டே அழுதாள். பயத்தில் அல்ல, நன்றியில். "வெள்ளிக்கெழமை போய் வேண்டிக்கிட்டேன். எறங்கிப் போ தாயே, இவள உனக்கே விட்டுடறேன், இவ உன் எல்லைய விட்டுப் போகமாட்டா, வருஷா வருஷம் ஆடியில உனக்குத் தீச்சட்டி எடுப்பான்னு சொன்னேன். மறுநாளே மரம் தளிர்த்திருக்கு, பாத்தியா?"

அக்கா கையிலிருந்த செம்பு நழுவிச் சிமெண்டில் விழுந்தது. அதில் விழுந்த நெளிவு கடைசிவரை இருந்தது. அறையிலிருந்த சாமான்களையெல்லாம் மஞ்சள் தண்ணீரில் அலசினார்கள். டிரான்சிஸ்டரையும் விடவில்லை. அது அதோடு வாயை மூடிக்கொண்டது.

புரட்டாசியில் கல்யாணப் பேச்சு இல்லை. சும்மா இருப்பானேன் என்று அப்பா அக்காவைப் பள்ளிக்கூடத்துக்கு அனுப்பினார். அக்கா பரீட்சை எழுதினாள், நன்றாகத் தேறினாள். கிள்ளானில் ஓர் அலுவலகத்தில் வேலை கிடைத்தது. அன்றைக்குத்தான் அப்பா வாழ்க்கையிலேயே முதல்முறையாக அம்மாவுக்கு எதிராக வாயைத் திறந்தார். "அவ வேலைக்குப் போகட்டும்" என்றார், அவ்வளவுதான். மாமா வேறு இடத்தில் கட்டிக்கொண்டார். அக்கா அவளுக்குப் பிடித்தவரைக் கட்டிக்கொண்டு கிள்ளானிலேயே தங்கிவிட்டாள்.

நான் எல்லைக்குள் இருந்தேன். ஈப்போவில் ஆசிரியர் பயிற்சிக்கு இடம் வந்தது. ஆத்தாவுக்குக் கொடுத்த வாக்கு என்றாள் அம்மா. பினாங்கிலிருந்து ஒரு வரன் வந்தது. அதற்கும் அதே பதில். ரயில்வேக்காரர் மகள், எங்கே வேண்டுமானாலும் போய்வரப் பாஸ் கிடைத்த வீடு. பகலில் கிள்ளானுக்குப் போய்விட்டு இருட்டுவதற்குள் திரும்பியதற்கு அப்பால் நான் ரயிலேறியதில்லை. பக்கத்திலேயே குமாஸ்தா வேலை. ஆடிக்கு ஆடி தீச்சட்டி. அம்மாவைக் கடைசிவரை பார்த்துக்கொண்டதும் நான்தான். அம்மா போன பிறகும் நான் எங்கும் போகவில்லை. அது பழகிவிட்டிருந்தது. நம்மில் பலருக்கு அப்படி ஏதோ ஒன்று பழகித்தான் இருக்கிறது, இல்லை என்று சொல்லாதீர்கள்.

குவார்ட்டர்ஸை இடித்து வெகுகாலம் ஆகிறது. நான் இப்போது இருக்கும் அடுக்குமாடிக்குப் பின்னால் தண்டவாள வேலியோரம் இந்த வருடம் அந்தச் செடி முளைத்து, பூத்து நின்றது. அம்மை போன நாளிலிருந்து ஆத்தாவின் செடி என்று அம்மா என்னை அதைத் தொட விட்டதில்லை. அம்மாவின் திதி வந்ததால் நாலு பூப்பறித்து மாலையாகக் கட்டிப் படத்துக்குப் போட்டேன். ஓரிரு நாளில் கையும் கழுத்தும் சிவந்து தடித்தன.

தோல் டாக்டர் சின்னப் பெண். பார்த்த உடனே கேட்டது: "சூரியகாந்தி, சாமந்தி மாதிரி எதாச்சும் தொட்டீங்களா ஆன்டி? சில பேருக்கு இந்தச் சாதிச் செடி ஒத்துக்காது. தொடறத நிறுத்துங்க, அதுவா போயிடும்."

தொடுவதை நிறுத்தினால் போய்விடும். ஆவணி முழுக்க நான் படுத்திருந்தது அந்த இலையின் மேல்.

வீட்டுக்கு வந்து அக்காவுக்கு ஃபோன் போட்டேன். செடி ஒத்துக்கொள்ளாது என்று டாக்டர் சொன்னதைச் சொன்னேன். அந்தப் பக்கம் பேரப்பிள்ளைகள் பார்த்துக்கொண்டிருந்த கார்ட்டூனை நிறுத்தச் சொன்னாள்.

"இப்பத்தான் தெரிஞ்சுதா ஒனக்கு" என்றாள். "எனக்கும் கையெல்லாம் கொப்புளிச்சுதுடி. அப்பத்தான் புரிஞ்சுது. அதான் அப்பா சட்டையப் போட்டுக்கிட்டுப் போனேன்."

"வேப்பமரம்?"

"அது அப்பவே தளிர்த்திருச்சு. வந்து எடுத்துக்கம்மான்னு பூசாரி எத்தன தடவ கூப்பிட்டாரு. நான்தான் எடுக்கல. ஆவணி முடியட்டும்னு இருந்தேன்."

நான் ஃபோனை மறு காதுக்கு மாற்றினேன்.

"அம்மா வேண்டிக்கிட்டது எனக்குத் தெரியாது. தண்ணி ஊத்துறப்பதான் தெரியும். அப்பவே சொல்லியிருக்கணும். சொன்னா பரிட்சை எழுத விடமாட்டாங்கன்னு பயம். எழுதிட்டுச் சொல்லலாம்னு இருந்தேன். ஒனக்கு ஈப்போ வந்தப்ப சொல்லத்தான் ரயிலேறி வந்தேன். அம்மா மொகத்தப் பாத்தேன். வாய் வரல."

கோபம் வந்தது. எழுபதை நெருங்குகிற வயதில் இப்படி ஒரு கோபம் வரும் என்று நினைத்ததில்லை. அக்கா கூப்பிட்டபோதெல்லாம் எடுக்காமல் பல நாள் இருந்தேன். அதற்குள் நூறு முறை அந்த அறைக்குள் போய் வந்துவிட்டேன். ஒவ்வொரு முறையும் அவள் சரித்திரப் பாடம் வாசிக்கும் குரலும் கேட்டது. பதினேழு வயதுப் பெண், தப்பிக்க ஒரு ஆவணியை என்னிடமிருந்து எடுத்துக்கொண்டாள். மீதியை எடுத்தது அம்மா. அம்மாவுக்குப் பிறகு எடுத்தது நானே.

இந்த ஆடியில் தீச்சட்டி எடுக்கவில்லை என்று கோயிலில் சொல்லிவிட்டேன். தீச்சட்டி எடுக்கும் அந்த வெள்ளிக்கிழமைக்கே ஈப்போவுக்கு ரயில் டிக்கெட் எடுத்தேன். அங்கே எனக்கு யாரும் இல்லை. பார்க்க வேண்டிய இடமும் தெரியாது. அக்காவுக்குத் தகவல் சொன்னேன். அவள் அதிகாலைக் கொமுட்டர் ரயிலில் கிள்ளானிலிருந்து வந்து, முட்டியைப் பிடித்துக்கொண்டு என் வீட்டு நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள்.

"நானும் வரட்டுமா கூட?" என்றாள்.

"வேணாம். நீ அன்னிக்குக் கிள்ளானுக்குத் தனியாத்தான போன."

அவள் தலையசைத்தாள். அழுதாள். நான் அவள் கையைக் கொஞ்ச நேரம் பிடித்துக்கொண்டேன். பிறகு பையை எடுத்துக்கொண்டு வாசலுக்குப் போனேன்.

"போறேன்" என்றேன்.

"போயிட்டு வரேன்னு சொல்லுடி" என்றாள் அக்கா, பதறி.

நான் சொல்லவில்லை.